அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திரும்மா

அன்புள்ள செல்விக்கு,

சனி, ஞாயிறு ஜிம்முக்குப் போவதால் மற்ற நாள் உட்கார்ந்தே வேலை பார்த்தாலும் பரவாயில்லை என்றாயே, அது சரியில்லை. தினமும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேகமாக நடப்பவர்களுக்குத்தான் எட்டு மணி நேர உட்காரலின் கெடுதல் பெரும்பாலும் ஈடாகிறது. உன்னால் அது முடியாது. அதனால் உட்காருவதை இடையிடையே உடைக்க வேண்டும்.

1953இல் ஜெரமி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் லண்டன் இரண்டடுக்குப் பேருந்துக்காரர்களை ஆராய்ந்தார். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம். நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்குக் குறைவு.

காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. அது அசையாவிட்டால் ரத்தம் தேங்கும்; சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் பட்டை ஆழமாகப் பதிந்திருக்கும். சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கிக்கொள்வதும் தசைதான். நம்மவர்களுக்கு எடை கூடாமலே சர்க்கரை நோய் வருகிறது, ஒல்லியாக இருக்கிறோம் என்று நீ இருந்துவிடாதே.

அரை மணிக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் நட. மீட்டிங்கில் மாட்டிக்கொண்டால் நாற்காலி முதுகைப் பிடித்து நின்று, குதிகாலை மெதுவாக இருபது தடவை தூக்கி இறக்கு. மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிட நடையை மட்டும் எதற்காகவும் விடாதே. பெரிய பாட்டில் வேண்டாம், அரை லிட்டர் பாட்டில் வை. தீரத்தீர எழுந்துபோய்த்தான் நிரப்ப வேண்டும்.

மேசை உயரத்துக்காக நாற்காலியை ஏற்றினால் பாதம் தொங்கும், நாற்காலி விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அழுத்தும். பிரிக்காத ஏ4 பேப்பர் கட்டு ஒன்றைக் காலடியில் போடு. லேப்டாப்பைக் குனிந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்படி உயர்த்தி, கீபோர்டைத் தனியாக வாங்கிக்கொள். நின்று வேலை செய்யும் மேசைக்குப் பணம் போடாதே. நாளெல்லாம் நின்றாலும் நரம்பு புடைக்கும், இடுப்பு வலிக்கும்.

இரண்டு காலும் லேசாக வீங்கினால், கொஞ்சம் நடந்தாலோ கால்களை உயர்த்திப் படுத்தாலோ வடியும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். தேய்க்காதே, அன்றைக்கே டாக்டரிடம் போ. கூடவே மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108.

அன்புடன்,
அம்மா