செயலாளர் அறிக்கை: காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது?

எல்லோருக்கும் வணக்கம். வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். நம் கோயிலில் தைப்பூசக் காவடி நல்லபடியாக நடந்தது. தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் இந்த ஆண்டும் குறைவுதான். மண்டபத்துக் கூரை ஒழுகல் பாதி அடைபட்டிருக்கிறது, மீதி எங்கே என்று அடுத்த மழை சொல்லும். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இளசுகளுக்கு இங்கிலீஷ் பிரதி வாசல் மேசையில் இருக்கிறது.

இந்த அறிக்கையில் நான் அதிகம் எழுதப்போவது நம் முதலுதவிக் குழுவைப் பற்றி. ஆண்டு தொடக்கத்தில் இதை ஆரம்பித்தபோது "காவடிக்கு மயங்கி விழுபவர்களுக்குக் குளுக்கோஸ் தண்ணி கொடுக்க எதுக்கு ஒரு தனிக் குழு?" என்று சிலர் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான், இத்தனை வருடமும் நம் முதலுதவி அந்த அளவில்தான் இருந்தது. ஆனால் நாம் குடியிருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனின் தென்பக்கத்து மெர்பேங்கில். 1954-இல் கட்டிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஒரு பக்கம், இசிப்பிங்கோ போகும் வழியில் இன்னொன்று, நடுவில் டாங்கிகள், குழாய்கள், லாரிகள். 2020 டிசம்பர் 4-ஆம் தேதி காலையில் அந்தப் பழைய ஆலையில் வெடித்துத் தீப்பிடித்ததை இங்கே பாதிப் பேர் சன்னல் வழியாகவே பார்த்தார்கள். இரண்டு ஆலைகளும் இப்போது எண்ணெய் சுத்திகரிப்பதில்லை, சரி, ஆனாலும் டாங்கர் லாரி நம் தெரு வழியாகப் போவது நின்றுவிட்டதா என்ன?

அதோடு இது ஆலைப் பிரச்சினை மட்டும் இல்லை. 2000 மார்ச் 24-ஆம் தேதி டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி நடன அரங்கில் கண்ணீர்ப்புகைக் குப்பியை யாரோ திறந்துவிட, வெளியே ஓடிய நெரிசலில் 13 பிள்ளைகள் இறந்துபோனார்கள். அந்தக் குடும்பங்களில் சில நமக்கு உறவு, அதனால் விவரமாக எழுதவில்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனுக்கு வடக்கே கார்னூபியாவில் பூச்சிமருந்துக் கிடங்கு எரிந்து நாள்கணக்கில் புகைந்தபோது, ஃபீனிக்ஸ் பக்கத்துச் சொந்தக்காரர்கள் நமக்குப் போன் போட்டுக் கேட்டது ஒரே கேள்விதான்: உள்ளே என்ன இருந்தது, இந்தப் புகை என்ன புகை? அவர்கள் கேட்ட நேரத்தில் பதில் சொல்ல ஆள் இல்லை.

பயிற்சிக்கு ஓய்வுபெற்ற ஆம்புலன்ஸ்காரர் ஒருவர் வந்தார். கட்டணம் வாங்கவில்லை, பிரியாணி மட்டும் வாங்கிக்கொண்டார். முதல் நாள் கட்டுப்போடவோ நெஞ்சை அழுத்தவோ சொல்லித் தருவார் என்று எதிர்பார்த்துப் போனோம். அவர் எங்களை வெளியே கூட்டிப்போய்க் கோயில் கொடியைக் காட்டி, காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். டர்பனில் பெரும்பாலும் வடகிழக்கு, இல்லாவிட்டால் தென்மேற்கு. ரசாயனம் கசிந்தால் காற்று வரும் பக்கமாக, அதிலும் மேட்டுப் பக்கமாகப் போய் நிற்க வேண்டும். குளோரினும் சமையல் எரிவாயுவும் காற்றைவிடக் கனம், பள்ளத்தில் போய்த் தேங்கும். ஆகவே நம் மண்டபத்துக்குப் பின்னாலுள்ள பள்ளம், பந்திக்கு நிழல் என்று நாம் எல்லோரும் போய் உட்காருகிற இடம், அந்த நேரத்தில் போகவே கூடாத இடம். கொடிமரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறிவிப்புப் பலகை வைக்கலாம் என்று குழு முடிவு செய்திருக்கிறது. குருக்களும் சரி என்று சொல்லிவிட்டார்.

இரண்டாவது பாடம் தூரம். 2022 டிசம்பர் 24-ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க் பக்கத்துப் போக்ஸ்பர்க்கில் தாழ்வான பாலத்தின் கீழ் எரிவாயு டாங்கர் சிக்கித் தீப்பிடித்தது, பக்கத்திலேயே மருத்துவமனை. சனங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது வெடித்தது. 41 பேர் இறந்தார்கள், அதில் மருத்துவமனை ஊழியர்களும் உண்டு. எரிவாயு டாங்கர் தீயில் மாட்டினால் எல்லாத் திசையிலும் 1,600 மீட்டர் விலக வேண்டும் என்று அவசரகாலக் கையேட்டில் இருக்கிறது. கோயிலிலிருந்து 1,600 மீட்டர் எங்கே போய் நிற்கிறது என்று பயிற்சியாளர் வரைபடத்தில் வட்டம் போட்டபோது யாரும் பேசவில்லை. நம்மில் முக்கால்வாசிப் பேர் வீடு வட்டத்துக்குள்ளே இருந்தது. டாங்கர் பின்னாலுள்ள பலகையில் எண் இருக்கும், 1203 என்றால் பெட்ரோல், 1075 சமையல் எரிவாயு, 1005 அமோனியா, 1017 குளோரின். தூரத்திலிருந்தே படிக்க முடிந்தால் ஆம்புலன்ஸ் எண் 10177-க்கோ கைப்பேசியில் அவசர எண் 112-க்கோ சொல்லும்போது அந்த எண்ணையும் சொல்லுங்கள். படிப்பதற்காகக் கிட்டே போகாதீர்கள்.

மூன்றாவதுதான் எல்லோரும் பேசிப் பேசிச் சிரித்த மஞ்சள் பயிற்சி. கண்ணுக்குத் தெரியாத ரசாயனம் எப்படி ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும் என்று காட்ட, மைதா மாவில் மஞ்சள் தூளைக் கலந்து நாலைந்து பேர் சட்டையில் தூவி, "இவர்கள் காயம்பட்டவர்கள், தூக்கிக்கொண்டு வாருங்கள்" என்றார். நம் இளைஞர்கள் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்தார்கள். கால் மணி நேரத்தில் மஞ்சள் இருந்த இடங்கள்: தூக்கியவர்கள் கழுத்து, வேனின் கதவுக் கைப்பிடி, மண்டபத்துக் குழாய், தேநீர் டம்ளர், பொருளாளரின் ரசீதுப் புத்தகம். ரசீதுப் புத்தகத்துக்கு எப்படிப் போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சிரித்து முடித்ததும் அவர் டோக்கியோவைப் பற்றிச் சொன்னார். 1995 மார்ச் 20-இல் சுரங்க ரயிலில் சரின் என்ற நரம்பு விஷ வாயுவை விட்டபோது 5,000 பேருக்கு மேல் மருத்துவம் தேடிப் போனார்கள். ஆம்புலன்ஸில் போனவர்கள் 688 பேர்தான். மற்றவர்கள் நடந்தும் டாக்சியிலும் போய்ச் சேர்ந்தார்கள், போட்ட உடுப்போடு. தூக்கிப்போன ஆம்புலன்ஸ்காரர்கள் 1,364 பேரில் 135 பேருக்கும், ஒரே நாளில் 640 பேரைப் பார்த்த ஒரு மருத்துவமனையில் ஊழியர்களில் கால்வாசிப் பேருக்கும் விஷம் ஏறியது. ஆக, பெரிய விபத்து நடந்தால் சனங்கள் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கப்போவதில்லை, தெரிந்த இடத்துக்கு வருவார்கள். நம் ஊரில் தெரிந்த இடம் என்றால் கோயில். அவர்கள் வாசலுக்கு வரும்போது உள்ளே கூட்டி உட்காரவைத்துத் தண்ணி கொடுப்பதுதான் நம் பழக்கம். அந்த நாளில் மட்டும் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தி, மேலுடுப்பைக் கழற்றி, குழாய்த் தண்ணியை நிறைய விட்டுக் கழுவி, அதற்கப்புறம்தான் உள்ளே. உடுப்பைக் கழற்றினாலே ஒட்டியிருப்பதில் பெரும்பகுதி போய்விடும். பொடியாக இருந்தால் முதலில் துடைத்துத் தட்டிவிட்டுத்தான் தண்ணி.

இங்கேதான் மகளிர் அணி உள்ளே வந்தது. எல்லோர் முன்னாலும் எப்படிக் கழற்றுவது? பழைய படுக்கை விரிப்புகளைக் கயிற்றில் கட்டி, பெண்களுக்குத் தனியாக ஒரு மறைப்பு அமைக்க அவர்களே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஓர் அக்கா கண்டுபிடித்த விஷயத்தைப் பயிற்சியாளரே ஒத்துக்கொண்டார்: டிஷர்ட்டைத் தலை வழியாகக் கழற்றினால் முகத்தில் பூசிக்கொள்வோம், கத்தரிக்கோலால் வெட்டத்தான் வேண்டும், புடவைக்கு அந்தத் தொல்லை இல்லை, சுற்றைப் பிரித்தால் முடிந்தது. தாலியை என்ன செய்வது என்பதற்குத்தான் நீண்ட நேரம் ஆனது. கடைசியில் பெயர் எழுதிய பிளாஸ்டிக் பையில் போட்டு அவரவர் கையிலேயே கட்டிவிடுவது என்று தீர்மானம். கழற்றவே மாட்டேன் என்பவர்களை வற்புறுத்துவதில்லை, அங்கேயே நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுவோம்.

யாரை முதலில் கவனிப்பது என்று காயம்பட்டவர்களை நிறம் சொல்லிப் பிரிக்கும் பயிற்சியும் நடந்தது. நடக்க முடிந்தவர்களை எல்லாம் முதலில் ஒரு பக்கம் கூப்பிட்டுவிட வேண்டும், அவர்கள் பச்சை, காத்திருக்கலாம். மிச்சம் இருப்பவர்களை ஆளுக்கு ஒரு நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல் போனால் சிவப்பு, அதாவது உடனே கவனிக்க வேண்டியவர், மணிக்கட்டில் நாடி கிடைக்காவிட்டால் சிவப்பு, "கையைப் பிடி" என்று சொல்லிப் பிடிக்காவிட்டால் சிவப்பு, மற்றவர்கள் மஞ்சள். வாயைத் திறந்து மூச்சுக்குழாயைச் சரிசெய்தும் மூச்சு வராதவர் கறுப்பு, அவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டும். நம் அரசு மருத்துவமனைகளின் வரிசை கொஞ்சம் வேறு, அங்கே ஆரஞ்சும் உண்டு, இறந்தவருக்கு நீலம். குழப்பிக்கொள்ள வேண்டாம், மருத்துவமனை வாசலில் அவர்கள் மறுபடியும் பிரித்துக்கொள்வார்கள்.

கறுப்பு என்றதும் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "கண்ணு முன்னாடி கிடக்கிறவனைத் தாண்டிப் போறதுக்கா கோயில்ல பயிற்சி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறு பேருக்கு இரண்டு பேர் உதவிக்கு இருக்கும்போது ஒரே ஆளின் நெஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தால் மற்ற ஐந்து பேருக்கும் ஆள் இல்லை. அதே பயிற்சியில் எங்களுக்கே நடந்தது: கத்திக் கூப்பாடு போட்ட கால்முறிவுக்காரரிடம் மூன்று பேர் ஓடினார்கள், சுவரோரம் சத்தமில்லாமல் சாய்ந்திருந்த பெண்தான் சிவப்பு. பச்சைக்குப் போன அக்காமார் மட்டும், எங்களுக்குத் தேநீர் கடைசியிலா என்று சண்டை.

வாயு முகமூடி வாங்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. குழு நிராகரித்தது, நானும் எதிராகத்தான் கை தூக்கினேன். எந்த வாயுவுக்கு எந்த வடிகட்டி என்று தெரியாமல் போட்டுக்கொண்டு உள்ளே போகிறவர் அடுத்த நோயாளி. புகைக்குள் போவது தீயணைப்புக்காரர் வேலை. நம் வேலை வெளியே நிற்பது, கழுவுவது, எண்ணுவது. வீட்டில் இருப்பவர்கள் கதவு சன்னலை மூடி, ஏசியை நிறுத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்துக்கொண்டு, வெளியேறச் சொல்லும்வரை உள்ளேயே இருக்க வேண்டும். ஆஸ்துமா பம்ப் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், நம் பகுதிப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு தேவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்து ஆலை ஒன்றுக்கு, பெயர் வேண்டாம், என்னென்ன ரசாயனம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள், சைரன் அடித்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கடிதம் போட்டோம். பெரிய அபாயம் உள்ள ஆலைகள் அவசரத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பதிலுக்கு வந்தது பளபளப்பான ஒரு பிரசுரம், முதல் பக்கத்தில் மரம் நடும் படம். மறுபடியும் எழுதியிருக்கிறோம், இந்த முறை நகராட்சிக்கும் பிரதி.

வரும் ஆண்டுக்கு இரண்டு வேலை பாக்கி. தெருவுக்கு ஒருவர், தனியாக இருக்கும் பெரியவர்களின் கதவைத் தட்டுவதற்கு. மேற்குப் பக்கத் தெருக்களுக்கு ஆள் கிடைத்துவிட்டது, ரயில் பாதைப் பக்கம் இன்னும் இல்லை. அப்புறம் படுக்கை விரிப்புகள், கிழிந்தாலும் பரவாயில்லை, துவைத்துக் கொண்டுவாருங்கள். பட்டியல் பொருளாளர் மேசையில், ரசீதுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.