எங்கள் மரவள்ளியைக் கணக்கில் சேர்க்கக் கோரும் மனு

விவசாயப் புள்ளிவிபரப் பொறுப்பதிகாரி அவர்கட்கு,
திருகோணமலை.

மதிப்பிற்குரிய ஐயா,

விடயம்: மூதூர் - வெருகல் வீதியோர மேட்டுநிலங்களின் மரவள்ளிச் செய்கையைப் பதிவுசெய்தல் (முன்னைய மனுக்களின் தொடர்ச்சி)

தாங்கள் எங்கள் பகுதியை நன்கு அறிந்தவர். கங்கைப் பாலத்தைத் தாண்டி, மூதூரையும் தாண்டி, வெருகல் பக்கம் வரும்போது வயலுக்கு அப்பால் மேட்டில் மரவள்ளி நிற்பதை வாகனத்தில் இருந்தபடியே பார்த்திருப்பீர்கள். அந்த மரவள்ளி அரசாங்கக் கணக்கில் இல்லை. இதை முன்பும் எழுதினோம், பதில் கிடைக்கவில்லை. மீண்டும் பணிவுடன் எழுதுகிறோம்.

1. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடும் உணவு ஐந்தொகை, அதாவது நாட்டின் உணவு வரவு செலவுக் கணக்கு, எப்படித் தயாராகிறது என்பது தங்களுக்குத் தெரிந்ததே. உள்நாட்டு உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து, இருப்பில் வந்த ஏற்ற இறக்கத்தையும் பார்த்து, நடுகைக்கும் கால்நடைத் தீனிக்கும் கழிவுக்கும் போனதை நீக்கி, மிச்சத்தைச் சனத்தொகையால் பிரிக்கிறார்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிராம், இத்தனை கலோரி என்று வருகிறது. கோதுமைக்கு இது சுலபம். கப்பலில் வருகிறது, சுங்கத்தில் பதிவாகிறது, நம்முடைய சீனக்குடாவிலேயே ஆலைக்குள் இறங்குகிறது. மரவள்ளிக்குக் கப்பலும் இல்லை, சுங்கமும் இல்லை. கிராமத்துப் படிவத்தில் ஒருவர் எழுதுகிற ஏக்கர்தான் அதற்கு ஆதாரம். எங்கள் கிராமத்துப் படிவத்தில் அந்த இடத்தில் ஒரு கோடு இழுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கோடுதான் மாவட்டத்துக்கும் கொழும்புக்கும் போகிறது.

2. படிவம் மாரிக்குப் பெரும்போகம், கோடைக்குச் சிறுபோகம் என்று தனித்தனியாகக் கேட்கிறது. ஐப்பசியில் தடி ஊன்றினால் மரவள்ளி எட்டு மாதம், பத்து மாதம், சில இனம் ஒரு வருடமும் நிலத்தில் நிற்கும். சந்தைக்கு இன்றைக்கு ஒரு வரிசை, வீட்டுக்கு நாளைக்கு இரண்டு மரம் என்றுதான் பிடுங்குவோம். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் நீலம் பாய்ந்துவிடும் என்பதால் மொத்தமாகப் பிடுங்கவும் முடியாது. முதல் போகத்தில் வருகிறவர் அறுவடை இல்லை என்று எழுதுகிறார். அடுத்த போகத்தில் வருகிறவர் புதிய நடுகை இல்லை என்று எழுதுகிறார்.

3. எங்களை உடைத்துப்போட்டது 2025 கார்த்திகை. டித்வா புயலோடு மாவிலாற்று அணை உடைந்து வந்த வெள்ளத்தைத் தாங்கள் அறிவீர்கள். நெல்லுக்கு வந்த அழிவை எல்லோரும் பார்த்தார்கள். மரவள்ளி வெளியே பச்சையாகத்தான் நின்றது, அழிவு மண்ணுக்குள் நடந்தது. தண்ணீர் வற்றிய பிறகு ஒரு மரத்தை ஆட்டிப் பிடுங்கினோம். தடி மட்டும் கையோடு வந்தது. மண்வெட்டியால் தோண்டினால் கிழங்கின் தோல் வழுக்கிக் கழன்றது, உள்ளே கூழாகி, புளித்த நாற்றம். அடுத்த மரமும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. ஒன்றரை ஏக்கரில் மாட்டுக்குப் போடக்கூட ஒரு கூடை தேறவில்லை. அடுத்த நடுகைக்கு வைத்திருந்த தடியும் அழுகிவிட்டது. மரவள்ளிக்கு விதை கடையில் இல்லை ஐயா, தடி போனால் அடுத்த வருடமும் போனது.

எங்கள் ஒழுங்கையில் கணவனை இழந்த ஓர் அக்கா இருக்கிறார். விடியற்காலையில் கிழங்கு அவித்து, கட்டைச் சம்பலோடு பஸ் தரிப்பிடத்தில் விற்றுத்தான் மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். அவருடைய கால் ஏக்கரும் இதே வெள்ளத்தில்தான் அழிந்தது. அழிவைப் பதியக் கந்தோருக்குப் போனபோது, "உங்கட கிராமத்தில மரவள்ளிச் செய்கை பதிவில இல்லையே அம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அழுகிய கிழங்கை உரப்பையில் கட்டிக் கொண்டுபோய் மேசைக்கு முன்னால் வைத்துக் காட்டினார். வெளியே கொண்டுபோகச் சொன்னார்கள். பதிவில் இல்லாத பயிர் எப்படி அழியும் என்று கேட்கிறார்கள். பதிவு செய்ய வேண்டியவர் வந்து பார்க்காததற்கு அந்த அக்காவா பொறுப்பு? அவர் என்ன எழுதியிருக்க வேண்டும், எங்கே எழுதியிருக்க வேண்டும்? தயவுசெய்து சொல்லுங்கள், நாங்களே கூட்டிக்கொண்டு போகிறோம்.

4. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தார்கள். 2022இல் கோதுமை மா இல்லை, சமைக்க காஸ் இல்லை. அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்துத் தோட்டம் செய்யச் சொன்ன காலம் அது. உரமில்லாமல் விளைந்து எங்கள் சனத்தின் வயிற்றை நிறைத்தது இந்தக் கிழங்குதான். அந்த வருடக் கணக்கில் எங்கள் கிராமத்திலிருந்து ஒரு கிலோவாவது ஏறியதா?

5. எண்ணப்படாமல் போவது எங்களுக்குப் பழகிய விடயம்தான். 1981க்குப் பிறகு இந்த மாவட்டத்தில் மனிதரையே முழுமையாக எண்ணியது 2012இல். 2001 கணக்கெடுப்பு இங்கே அரைகுறையாகத்தான் நடந்தது. அப்போது யுத்தம், புரிந்துகொண்டோம். இப்போது என்ன தடை ஐயா? வீதி காபட் போட்டிருக்கிறது. பட்டா என்கிற சின்ன லொறி வைத்திருக்கும் வியாபாரி வாரந்தோறும் வந்து எங்கள் வளவில் நின்று கிழங்கு நிறுத்து ஏற்றிப்போகிறார். அவருக்கு வழி தெரிகிறது. உங்கள் உத்தியோகத்தருக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? வீதியோரக் கடையில் இருந்தபடியே படிவம் நிரப்பப்படுவதை எங்கள் சனம் கண்ணால் கண்டிருக்கிறது.

வார்த்தை கடுமையாகிவிட்டால் பொறுத்தருள வேண்டும். நாங்கள் தங்களிடம் பணம் கேட்கவில்லை. இந்தப் போகப் படிவம் மேலே போவதற்கு முன் ஓர் உத்தியோகத்தரை அனுப்பி, மேட்டுநிலத்தை நடந்து பார்த்து, நிற்கிற மரவள்ளியையும் வெள்ளத்தில் அழிந்த காணியையும் தனித்தனியாக எழுதச் செய்யுங்கள். அழிந்ததை எழுதியதற்கு ஒரு கடிதமாவது கையில் தாருங்கள், நட்டஈட்டுக்கு உரிய இடத்தில் காட்ட எங்களிடம் வேறு எதுவும் இல்லை. வற்றாளைக் கிழங்குக்கும் இராசவள்ளிக் கிழங்குக்கும் இதே நிலைதான், அவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வருகிறவருக்குக் காணிகளைக் காட்ட நாங்கள் வருவோம். அளக்கக் கயிறும் கொண்டுவருவோம்.

ஆளை அனுப்புங்கள் ஐயா. அனுப்ப முடியாதென்றால் அதையாவது எழுத்தில் தாருங்கள்.

இவ்வண்ணம்,
தங்கள் பணிவுள்ள,
மூதூர் - வெருகல் வீதியோர மரவள்ளிச் செய்கையாளர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)