பேட்டை அண்ணாச்சிக்கு நன்றி

இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மேன் 1957-இல் வெளியிட்ட லோட்டஸ் செவன் என்ற திறந்த இருவர் காரின் வடிவில் யாரோ கட்டி, பல கை மாறி என்னிடம் வந்த வண்டியின் பூர்வீகத்தைத் தேடி அலைந்த எனக்கு, பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட திருநெல்வேலி பேட்டையின் லேத் பட்டறை அண்ணாச்சி ஒருவர் வழி காட்டினார். சேஸ் எனும் அடிச்சட்டத்தின் குறுக்குக் குழாயில் இருந்த வெல்டிங் தழும்பை விரலால் தடவிப் பார்த்ததுமே, “இது என் கை வேலைதான்” என்றார். எண்ணெய்க் கறை படிந்த கணக்கு நோட்டைப் புரட்டி, முதலில் இருந்த பிரீமியர் பத்மினி காரின் 1089 சிசி எஞ்சினை இறக்கிவிட்டு மாருதி ஜிப்சியின் 1298 சிசி எஞ்சினை ஏற்றியதையும், அதற்காக எஞ்சினைத் தாங்கும் மவுண்டுகளை வெட்டி நகர்த்தியதையும், சுழற்சியைப் பின் அச்சுக்குக் கடத்தும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் குறுக்கியதையும் வரிசையாக எடுத்துச் சொன்னார். விபத்தின் அடையாளம் என்று நான் இத்தனை நாளும் அஞ்சிய தழும்பு அந்த மவுண்டு வேலையில் விழுந்தது. டீக்காசுகூட வாங்க மறுத்த அண்ணாச்சி, உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.