பத்துக் கட்டுரைகளில் இடம்பெறாத ஒரு கட்டுரை

அன்பிற்குரிய தோழிக்கு,

வணக்கம். பதவி உயர்வு விண்ணப்பத்துடன் இணைப்பதற்காக நீங்கள் தேர்ந்தெடுத்த பத்து ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலை அனுப்பி, என் கருத்தைக் கேட்டிருந்தீர்கள். அந்தப் பத்தோடு நிறுத்த மனம் வராமல், உங்கள் வெளியீடுகள் அனைத்தையும் ஆண்டு வரிசைப்படி படித்து முடித்தேன். அந்த வரிசையில் மட்டுமே தெரியும் ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் முதல் கட்டுரை உங்களுக்கு நினைவிருக்கும். செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளைக் கடத்தும் புரதத்துக்கான மரபணுவின் குட்டை வடிவத்தைக் கொண்டவர்கள், வாழ்க்கையில் நெருக்கடி வரும்போது மனச்சோர்வுக்கு எளிதில் ஆளாகிறார்கள் என்று காஸ்பியும் அவருடைய குழுவினரும் 2003இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியிருந்த காலம் அது. என்னிடம் சிகிச்சைக்கு வந்த சில நூறு பேரின் தரவுகளைக் கொண்டு வேறொரு மரபணுவுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு உண்டா என்று, மனநல மருத்துவரான நானும் புள்ளியியலாளரான நீங்களும் சோதித்தோம். உண்மையில் தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படியொரு முடிவு கிடைக்கும் வாய்ப்பைச் சொல்லும் பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்ததும் மகிழ்ந்து எழுதி அனுப்பினோம். சில ஆண்டுகள் கழித்து, பல மடங்கு பெரிய தரவில் அதே கேள்வியை மீண்டும் சோதித்த நீங்கள், அந்தத் தொடர்பு இல்லை என்று கண்டீர்கள். அந்த இரண்டாம் கட்டுரையில் என் பெயரைச் சேர்க்க நான் மறுத்தேன். நீங்கள் தனியாகவே வெளியிட்டீர்கள். இன்று உங்கள் பத்தில் இல்லாதது அந்தக் கட்டுரைதான்.

மனநல மருத்துவத்தில் அப்போது நடந்த தவறு நம் இருவருடையது மட்டும் அன்று. மனச்சோர்வுக்குக் காரணமாக அதிகம் பேசப்பட்ட 18 மரபணுக்களை லட்சக்கணக்கானோரின் தரவில் சோதித்து, தற்செயலாக எடுத்த மரபணுக்களைவிட அவற்றுக்குக் கூடுதல் தொடர்பு எதுவும் இல்லை என்று 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. நீங்கள் அதை ஒரு மரபணுவின் அளவில் முன்பே சொல்லியிருந்தீர்கள்.

அதற்குப் பிந்தைய உங்கள் கட்டுரைகள் எல்லாவற்றிலும் அந்தப் பாடம் தெரிகிறது. மரபணுத்தொகை முழுவதையும் அலசும்போது, ஒன்றையொன்று சாராத ஏறக்குறைய பத்து லட்சம் சோதனைகளைச் செய்கிறோம், ஆகவே 0.05ஐப் பத்து லட்சத்தால் வகுத்துக் கிடைக்கும் 0.00000005தான் பி மதிப்புக்கு வரம்பு என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நீங்கள் வாதாடியதைக் கேட்டிருக்கிறேன். நோயாளிகளும் ஒப்பீட்டுக் குழுவினரும் வெவ்வேறு வம்சாவளியினராக இருந்தால், வம்சாவளியைக் காட்டும் மரபணு வேறுபாடுகள் நோயின் காரணங்களைப் போல வேடமிட்டு நிற்கும். தொடர்புகளின் அந்தப் பொய் வீக்கத்தை மரபணுத்தொகையைக் கொண்டே அளந்து திருத்தும் வழியை ஆய்வாளர்கள் டெவ்லினும் ரோடரும் 1999இல் கொடுத்தார்கள். அதே சிக்கலைத் தொடர்ந்து நீங்கள் எழுதிய முறையியல் கட்டுரைகள் இரண்டும் உங்கள் பத்தில் இருக்கின்றன, அவை இருக்கவேண்டியவையே.

பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து எழுதும் கூட்டமைப்புக் கட்டுரைகளைப் பற்றித்தான் உங்களுக்கு அச்சம் என்று எழுதியிருந்தீர்கள். நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நடுவே நிற்கும் பெயரை யார் கவனிப்பார்கள் என்று கேட்டீர்கள். மனச்சிதைவு நோயில் 2014இல் வெளியான பெரிய ஆய்வு, 36,989 நோயாளிகளின் தரவைக் கொண்டு 108 மரபணுப் பகுதிகளை அடையாளம் கண்டது. 2022இல் நோயாளிகள் 76,755, பகுதிகள் 287. ஒவ்வொரு பகுதியின் பங்கும் மிகச் சிறியது என்பதால், இந்த எண்ணிக்கையை எந்தத் தனி ஆய்வுக்கூடமும் எட்டியிருக்க முடியாது. தரவுகளைச் சீராக்கி, மாதிரிகளில் இரண்டுமுறை வந்தவர்களையும் உறவினர்களையும் பிரித்தெடுத்து, பகுப்பாய்வைப் பலமுறை ஓட்டிப் பார்த்தவர்கள் இல்லாமல் அப்படிப்பட்ட முடிவுகள் வருவதில்லை. முதல் ஆசிரியர் பெயரை மட்டும் எண்ணும் குழுவுக்கு இது தெரியாது என்றால், ஒவ்வொரு கட்டுரையின் கீழும் நீங்கள் செய்த வேலையை இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.

பல மரபணு வேறுபாடுகளின் சிறு பங்குகளைக் கூட்டி நோய் வாய்ப்பை மதிப்பிடும் பல்மரபணு மதிப்பெண் பற்றிய அண்மைக் கட்டுரையை மிகவும் விரும்பிப் படித்தேன். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் உருவாக்கிய மதிப்பெண்கள் பிறரிடம் துல்லியம் இழக்கின்றன என்பதை மருத்துவரான எனக்கும் புரியும்படி சொல்லியிருக்கிறீர்கள். எதிரில் அமர்ந்திருக்கும் ஒருவரிடம் அந்த மதிப்பெண்ணை வைத்து எதைச் சொல்லக்கூடாது என்பதை நான் அதிலிருந்துதான் கற்றேன்.

என் வேண்டுகோள் ஒன்றே. பத்தில் எட்டாவதாக இருக்கும் மீள்பார்வைக் கட்டுரையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நம் முடிவை மறுத்த கட்டுரையை வையுங்கள். தன் சொந்த முடிவைத் தானே சோதித்துத் திருத்திய புள்ளியியலாளரின் மற்ற ஒன்பது கட்டுரைகளையும் நம்புவதற்கு அது காரணம் தரும். பரிந்துரைக் கடிதத்தை நான் எழுதுவதாக இருந்தால், அன்று என் பெயரைச் சேர்க்க மறுத்ததையும், நீங்கள் சொன்னதே சரி என்பதையும் அதில் எழுதிக் கையெழுத்திடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் முதல் கட்டுரையின் இணை ஆசிரியர்