முதல் ஒலி கார்ட்டூன் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரையில் வால்ட் டிஸ்னியின் 'ஸ்டீம்போட் வில்லி'தான் உலகின் முதல் ஒலி கார்ட்டூன் என்று வந்திருக்கிறது. அது சரியல்ல. அந்தப் படம் நியூயார்க்கில் திரைக்கு வந்தது 1928 நவம்பர் 18. கார்ட்டூன் தயாரிப்பாளர் மேக்ஸ் ஃப்ளெய்ஷரும் தம்பி டேவும் 1924-ல் தொடங்கிய பாட்டுப் பட வரிசையில் சிலவற்றுக்கு, ஒலியைப் பிலிமிலேயே பதிக்கும் லீ டி ஃபாரஸ்டின் ஃபோனோஃபில்ம் முறையில், அதற்கு முன்பே ஒலி சேர்த்துவிட்டார்கள். பாடல் வரிகள் மேல் பந்து துள்ளும். அதைப் பார்த்து அரங்கமே பாடும். பால் டெர்ரியின் 'டின்னர் டைம்' படமும் 'வில்லி'க்குச் சில வாரங்கள் முந்தியது.

டிஸ்னி குழுவின் சாதனை வேறு: வரைவதற்கு முன்பே தாளத்தைக் கணக்கிட்டது. பிலிம் வினாடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படம்) ஓடும். நிமிடத்துக்கு 120 தாளத் தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 12 பிரேம். 8 பிரேம் என்றால் 180 தட்டு. 16 என்றால் 90. இதற்காக, சீரான வேகத்தில் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவியைக் கொண்டுவந்தவர் வில்ஃப்ரட் ஜாக்சன். ஆனால் பிரேமை உடைக்க முடியாது. 12-லிருந்து 11-க்கு இறங்கினால் வேகம் 120-லிருந்து ஏறத்தாழ 131-க்குத் தாவிவிடும். இடைப்பட்ட வேகம் வேண்டுமானால் 11, 12 என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஒரு ஓவியத்தை இரண்டு பிரேம் நிறுத்துவது வழக்கம் என்பதால், 11 வரும் இடத்திலெல்லாம் ஒரு பிரேம் ஒற்றையாகத் தொங்கும்.

கணக்கு சரியாக இருந்தும் முதல் ஒலிப்பதிவு பாழானது. வாத்தியக் குழுவால் படத்தோடு ஒட்டி வாசிக்க முடியவில்லை. மறுமுறை, இசை நடத்துநர் பார்த்துத் தாளம் பிடிக்கப் படத்திலேயே துள்ளும் பந்தைப் பதித்தார்கள். ஃப்ளெய்ஷர் ரசிகர்களுக்காக விட்ட பந்து, இங்கே நடத்துநருக்கு உதவியது!

கட்டுரையில் வால்ட் டிஸ்னி பெயர் மட்டுமே இருக்கிறது. 'வில்லி'யின் ஓவியங்களில் பெரும்பகுதி அப் ஐவர்க்ஸ் கைவண்ணம். 1929-ல் வந்த 'தி ஸ்கெலிட்டன் டான்ஸ்' படத்தின் யோசனை இசையமைப்பாளர் கார்ல் ஸ்டாலிங்குடையது. அதில் இசைக்கேற்பத்தான் எலும்புக்கூடுகளின் ஆட்டம் அமைந்தது. இவர்களை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுதுவது எப்படி?

இந்தக் கணக்கைத் தொலைக்காட்சிப் பிரதியில் சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். வினாடிக்கு 25 பிரேம் ஓடும் பிரதியில் 120 தட்டு 125 ஆகிவிடும். ஏழு நிமிடப் படம் 17 வினாடி குறையும். சுருதியும் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்