நம்ம நகர் நலச்சங்கம் – செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுவுக்கு வந்ததே சொற்பம் பேரு, அதனால அங்க வாசிச்சதையே இங்கயும் போடறேன், அப்புறம் "எங்களுக்கு யாருமே சொல்லல"ன்னு கெளம்பக்கூடாது பாருங்க.

கொடியேத்தம், பொங்கல் கோலப்போட்டி எல்லாம் வழக்கம்போல நடந்துச்சு. தெருவிளக்குக்கு மனு குடுத்திருக்கோம்.

இனி, மாசாமாசம் நடத்துன "நோயாளியே கதை சொல்றார்" கூட்டம் பத்தி. இது செயலாளரோட சொந்த ஆசைக்கு சங்கக் காசுன்னு ஒரு பேச்சு ஓடுது, வந்து பாக்காதவங்கதான் அதிகமா பேசறாங்க. முன்னாடி ஒருதடவ டாக்டர கூப்பிட்டு ஸ்லைடு போட்டோம், மூணு மாச சராசரி சுகர் (HbA1c டெஸ்ட்) 7 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு நல்லாத்தான் சொன்னாரு, எல்லாரும் தலையாட்டிட்டு போண்டா சாப்ட்டு போயிட்டோம். இந்த வருஷம் ரிட்டயர்டு கண்டக்டர் அண்ணன் பேசுனாரு. உச்சிவெயில்ல கோயில் பிரகாரத்த வெறுங்கால்ல சுத்திருக்காரு, சூடே தெரியல, ராத்திரி பாய் ஈரமா இருக்கேன்னு பாத்தா உள்ளங்கால் கொப்புளம் ஒடஞ்சு கெடக்கு. சொல்லிக்கிட்டே செருப்ப கழட்டி ரெண்டு விரல் இல்லாத கால காட்டுனாரு. சுகர்ல நரம்பு மரத்துப்போச்சுன்னா வலியே வராதுன்னு அன்னிக்குத்தான் நம்மாளுங்களுக்கு உறைச்சுது, மறுநாளே சிலபேர் சுகாதார நிலையத்துல போய் கால நீட்டி, நைலான் இழைய வச்சு அழுத்தி, பாதத்துல உணர்ச்சி இருக்கான்னு பாக்கற டெஸ்ட எடுத்துட்டு வந்தாங்க.

இப்படி கதையா சொல்லி உறைக்க வைக்கறது ஒண்ணும் நான் கண்டுபிடிச்சதில்லங்க. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வில்லுப்பாட்டு போட்ட ஊரு இது. 2000கள் தொடக்கத்துல சுவரெல்லாம் "புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?"ன்னு எழுதிருந்துச்சே, யாருய்யா அந்த புலிராஜான்னு டீக்கடையில பேசிப்பேசியே, ஆணுறைன்னு சொல்ல கூசுனவங்க கூட அதப்பத்தி பேசுனாங்க.

ஆனா கதைக்கு நல்லது கெட்டது தெரியாது. ஒருத்தர் சிறுகுறிஞ்சான் பொடி தின்னு சுகர் மாத்திரையவே நிறுத்திட்டேன்னு அம்புட்டு அழகா சொன்னாரு, அதுக்கும் அதே கைதட்டல். அதுலேர்ந்து நர்ஸம்மா ஒருத்தங்கள பக்கத்துல உக்கார வச்சு, கடைசியில எது சரி எது ஆபத்துன்னு அவங்க சொல்லணும்னு ஏற்பாடு பண்ணேன். பொடிக்காரர் கோவிச்சுக்கிட்டாரு, சந்தாவும் நின்னுபோச்சு. (அவரு கோவிக்கறதுக்கு முன்னாடியும் பெருசா கட்டல, அது வேற விஷயம்.)

வரவு செலவு பொருளாளர் படிச்சிட்டாரு, வரவுக்கும் செலவுக்கும் சுமாரா சரியாப்போச்சு, கையிருப்பு சொல்லிக்கற மாதிரி இல்ல. கூட்டத்துக்கு ஆன செலவு மைக் வாடகையும் டீயும்தான். இடம் குடுத்த கோயில் கமிட்டிக்கும், ஒத்துழைச்ச நிர்வாகிகளுக்கும் நன்றி, ஒத்துழைக்காதவங்களுக்கும் நன்றி.

அடுத்த வருஷம் முதல் கூட்டத்துல டிபி வந்து குணமான நம்ம தெரு அக்கா ஒருத்தங்க பேச சம்மதிச்சிருக்காங்க. ரெண்டு மாசத்துல இருமல் நின்னதும் மாத்திரைய விட்டுடலாம்னு தோணுச்சாம், விடாம 6 மாசமும் முடிச்சிருக்காங்க. மருந்து ஆரம்பிச்ச சில வாரத்துலயே பரவுறது ரொம்ப கொறஞ்சிடும்னு தெரியாம, கடைசி வரைக்கும் அவங்க வீட்டு வாசப்படி மிதிக்காதவங்க நம்மள்லயே இருக்கோம். அவங்கெல்லாம் முன்வரிசையில உக்காந்தாத்தான் பேசுவேங்கறாங்க. சேர் வாடகைக்கு எடுக்கணும், சந்தா வந்தாத்தான் எடுக்க முடியும். பாக்கிக்காரங்க பேர நோட்டீஸ் போர்டுல எழுதிடலாம்னு பொருளாளர் துடிக்கறாரு, நான்தான் இந்த மாசக் கடைசி வரைக்கும் பொறுங்கன்னு புடிச்சு வச்சிருக்கேன்.

– செயலாளர்