ஷாக் அப்சார்பரில் காற்று அடிக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

மலைப்பாதை வண்டிகள் பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையில், வண்டியின் குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பரை வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்யலாம் என்று இருந்தது. செய்யலாம்தான். ஆனால் எதை, எப்படி என்று சொல்லவில்லையே!

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறவன் நான். அந்தப் பாதை முழுக்கக் கல்தான். வண்டியோடு வரும் சாதாரண ஷாக்கின் வாயை மடித்து அடைத்திருப்பார்கள். அதைப் பிரிக்க முடியாது; உள்ளே இருக்கும் ஆயில் கசிந்தால் ஷாக்கையே மாற்றத்தான் வேண்டும். தனி டேங்கில் நைட்ரஜன் கேஸ் அடைத்த ஷாக் என்றால் பிரிக்கலாம். முதலில் வால்வைத் திறந்து கேஸை முழுசாக வெளியேற்றுங்கள். உள்ளே சுமார் 200 பிஎஸ்ஐ அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தம் இருக்கும்போதே மூடியைப் பிடித்திருக்கும் லாக்கைக் கழற்றினால் மூடி முகத்தில் வந்து அடிக்கும்.

ஆயிலுக்குள் மேலும் கீழும் நகரும் பிஸ்டனில் அடுக்கிய மெல்லிய வட்டத் தகடுகளின் வரிசை மாறக் கூடாது. கழற்றும்போதே ஒரு கம்பியில் கோத்துவிடுவேன். என் மகள் அதை வளையல் என்று எடுத்துப் போனது தனிக்கதை. ஆயில் கசியாமல் தடுக்கும் சீலை மாற்றும் முன், பிஸ்டனைத் தாங்கும் ராடில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுகிற கீறல் இருந்தால் புது சீலும் நிற்காது.

போன மழைக்காலத்தில் ஒரு கடையில், நைட்ரஜன் தீர்ந்துவிட்டது என்று டயருக்கு அடிக்கிற காற்றையே அடித்துத் தந்தார்கள். காற்றில் ஈரம் இருக்கும்; சூடேறினால் அழுத்தம் தாறுமாறாகும். பாதி மலை ஏறுவதற்குள் வண்டியின் பின்பக்கம் குதிரையாகத் துள்ளியது. பின்னால் இருந்த பயணிகள் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

அடுத்த முறை இதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு ஜீப் ஓட்டுநர்,
சூரியநெல்லி